கடைசியிலிருந்து வாசி

எங்கள் வீட்டு அம்பாசிடருக்குக் காலையில் ஒரு நோய், மத்தியானம் ஒரு நோய். காலையில் செல்ஃப் அடித்தால் இஞ்சின் முனகும். இரண்டு சுற்று சுற்றி, மூன்றாவதில் மூச்சு அடங்கிவிடும். எப்படியோ எழுப்பி ஓட்டிக்கொண்டு போய், நன்றாகச் சூடேறிய பிறகு எங்காவது நிறுத்தினால் ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காத ஓட்டத்தில், நிற்காது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, உதறிக்கொண்டு அணைந்துபோகும். அணைந்தால் கால் மணி நேரத்துக்குத் திரும்ப எடுக்காது. 1989-இல், நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி இந்த வண்டியைப் பற்றியதாகவே இருந்தது.

ஊர் வத்தலக்குண்டு. அப்பாவுக்கு மலைச்சரக்கு வியாபாரம். பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் போய் மிளகும் மலைவாழையும் பேசி முடித்துவிட்டு வருவார். வண்டி இல்லாமல் அந்த வியாபாரம் இல்லை. 1977 மாடல் மார்க் 3, 1,489 சிசி பெட்ரோல் இஞ்சின். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்து, கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. எங்களிடம் வரும்போதே அது எட்டு வருடம் ஓடியிருந்தது.

அப்பா இளமையில் ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எதையும் எழுதி வைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. வண்டிக்கென்று தனியாக ஒரு சிட்டை வைத்திருந்தார். சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. தேதி, வேலை, தொகை என்று மூன்று பத்தி. பெட்ரோல் போட்டாலும் எழுதுவார், வைப்பர் ரப்பர் மாற்றினாலும் எழுதுவார். அந்த வருடம் அந்த நோட்டு வேகமாக நிரம்பியது. புது பேட்டரி போட்டாயிற்று. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டியாயிற்று. பாயிண்ட், கண்டன்சர், கார்பரேட்டர் சர்வீஸ், பிளக் ஒரு செட், இக்னிஷன் காயில், மறுபடி பிளக் ஒரு செட். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் நாலு நாள் வண்டி நன்றாக இருப்பதுபோல் இருக்கும். அப்பாவின் முகமும் நாலு நாள் தெளிந்திருக்கும்.

அப்பாவுக்குத் தோள்பட்டையில் வலி. அதனால் காலையில் ஹேண்டில் போடுவது என் வேலையானது. பம்பருக்குள் இருக்கும் துளை வழியாக ஹேண்டிலை விட்டு, பல்லில் மாட்டி, கீழிருந்து மேலாக ஒரே வெட்டில் இழுக்க வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். வளைத்துப் பிடித்தால், இஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது மணிக்கட்டு போய்விடும். அப்பா முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். சோக்கை இழுத்துவிட்டு இரண்டு முறை இழுத்தால் வண்டி எடுத்துவிடும். செல்ஃபில் பத்து முறை அடித்தும் எடுக்காத வண்டி, பதினாறு வயதுப் பெண்ணின் கை இழுப்பில் எடுத்தது. எனக்கு அதில் பெருமைதான் இருந்தது. அது ஒரு துப்பு என்று அப்போது தெரியவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. அப்பாவோடு நானும் மலைக்குக் கிளம்பியிருந்தேன். காட்ரோடு தாண்டி வளைவுகள் தொடங்கியதிலிருந்தே வண்டி சோர்ந்து சோர்ந்து ஏறியது. டம்டம் பாறையில், தூரத்தில் தலையாறு அருவி வெள்ளைக் கயிறாகத் தொங்குவது தெரியும் இடத்தில், எதிரே இறங்கி வந்த லாரிக்காக அப்பா வேகத்தைக் குறைத்தார். வண்டி உதறி அணைந்தது. செல்ஃப் அடித்தார். எடுக்கவில்லை. நான் இறங்கி ஹேண்டில் போட்டேன். அன்றைக்கு அதற்கும் எடுக்கவில்லை. பானெட்டைத் தூக்கியதும் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. இருபது நிமிடம் ஆறவிட்டு, எடுத்து, மேலே போகாமல் திரும்பி இறங்கினோம். தாண்டிக்குடியில் மிளகு கொடுப்பதாகச் சொன்னவர் அன்றே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

இறங்கி வரும்போதுதான் அப்பா வண்டியைப் பாயின் பட்டறைக்குத் திருப்பினார்.

மலையடிவாரத்தில் பாயின் பட்டறை என்பது ஒரு புளியமரம், ஒரு தகரக் கொட்டகை, எண்ணெயில் ஊறிக் கறுத்த ஒரு பெஞ்சு. மலையேறும் டாக்சிக்காரர்கள் அவரிடம்தான் போவார்கள். எங்கள் வண்டியை அதுவரை அவரிடம் கொண்டுபோகாததற்குக் காரணம், அவர் ஒரு வண்டிக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்வார் என்ற பேச்சு. அப்பாவுக்கு மூன்று நாள் பொறுக்க முடியாது.

பாய் பானெட்டைத் திறக்கவில்லை. பெஞ்சில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். "ஆறிக் கிடக்கும்போது எடுக்கலயா, சூட்டுல எடுக்கலயா?" "ரெண்டுலயும்" என்றார் அப்பா. "ரெண்டும் ஒண்ணு மாதிரியே எடுக்காம இருக்கா, வேற மாதிரியா?" அப்பா யோசித்தார். இதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் சொன்னேன்: காலையில் செல்ஃப் மெதுவாகச் சுற்றும், ஹேண்டில் போட்டால் இரண்டாவது இழுப்பில் எடுத்துவிடும். சூட்டில் அணைந்தால் ஹேண்டிலுக்கும் எடுக்காது.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாப்பாதான் ஹேண்டில் போடுதா? காலையில ரெண்டாவது இழுப்புலயே எடுக்குதா?" ஆமாம் என்றேன். "அப்ப இது ஒரு வியாதி இல்லண்ணே. ரெண்டு. ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து கிடக்கு."

பிறகு, இதுவரை என்னென்ன வேலை பார்த்தது என்று கேட்டார். அப்பா டேஷ்போர்டிலிருந்து சிட்டையை எடுத்துவந்து முதல் பக்கத்தைப் பிரித்தார். பாய் கையைக் காட்டி நிறுத்தினார். "மொதல்லேருந்து வேணாம். பாப்பா, நீ வாசி. கடைசியிலேருந்து வாசி."

நான் வாசித்தேன். ஜூலை: பிளக் நாலு, ஸ்லோ ஏற்றியது. "பிளக்க ஏன் மாத்துனாங்க?" "கறுத்துப் போச்சுன்னாங்க." "ஏன் கறுத்துச்சு?" எனக்குத் தெரியவில்லை. "சரி, அதுக்கு முன்னாடி?" ஜூன்: காயில். மே: பிளக் நாலு. "அதுவும் கறுத்துப் போச்சா?" "ஆமா பாய்." ஏப்ரல்: கார்பரேட்டர் சர்வீஸ், ஜெட் இறக்கியது. "ஆங்... அங்க நிறுத்து. எதுக்கு ஜெட்ட இறக்குனாங்க?" ஸ்லோவில் நிற்கவில்லை என்று போனோம், பெட்ரோல் பற்றவில்லை, கூட்டி வைக்கிறேன் என்றார்கள் என்று அப்பா சொன்னார். பாய் தலையை ஆட்டினார். மார்ச்: பாயிண்ட், கண்டன்சர். பிப்ரவரி: செல்ஃப். ஜனவரி: பேட்டரி. அதற்கு முன், 1988 நவம்பர்: கிளட்ச் பிளேட் மாற்றியது, கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றியது. அதை ஒரு பெரிய ஊர்ப் பட்டறையில் செய்திருந்தோம்.

"அதுக்கு முன்னாடி காலையில ஸ்டார்டிங் ட்ரபிள் இருந்துச்சா?"

இல்லை. அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எட்டு மாதமாகச் சிட்டையில் எழுதிக்கொண்டே வந்தவருக்கும், பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கும், கிளட்ச், பேட்டரி என்ற அந்த இரண்டு வரிகளைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

வண்டியை இரவு விட்டுவிட்டுப் போகச் சொன்னார். "ஆறிப்போன வண்டியோட வியாதிய ஆறிப்போனப்பதான் பாக்கணும். விடிய வாங்க."

விடியற்காலை போனபோது பாய் முகம் கழுவிவிட்டுக் காத்திருந்தார். அப்பாவைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். வழக்கம்போல முனகல். பாய் பானெட்டுக்குள் குனிந்து நின்றவர், "நிறுத்தாம அடிங்க" என்றார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, இதத் தொட்டுப் பாரு. மெல்ல."

டேஷ்போர்டிலிருந்து கார்பரேட்டருக்கு வரும் சோக் கேபிள். மெல்லிய கம்பிச் சுருள் உறை. தொட்டேன். சுட்டது. ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த வண்டி அது. ரேடியேட்டர் சில்லென்று இருக்கிறது, இஞ்சின் பிளாக் சில்லென்று இருக்கிறது, இந்த ஒரு கம்பி மட்டும் இப்போது இறக்கிய தோசைக்கல்போல் சுடுகிறது.

"சோக் கேபிள் ஏன் சுடணும்? சொல்லு."

எனக்குத் தெரிந்த இயற்பியல் அவ்வளவும் அந்த நொடியில் உயிர் பெற்றது. கம்பி சுட்டால் அதில் கரண்ட் போகிறது. சோக் கேபிளில் ஏன் கரண்ட் போகிறது? பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியாகச் செல்ஃபுக்குப் போகும் கரண்ட், இஞ்சின் பிளாக் வழியாகத் திரும்பிப் பேட்டரிக்கு வந்தாக வேண்டும். ஆனால் இஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங்கின் மேல். ரப்பர் கரண்டை விடாது. அதனால் இஞ்சினையும் பாடியையும் இணைக்க, பின்னிய செம்புக் கம்பியாலான ஓர் எர்த் பட்டை இருக்கும். அந்தப் பாதை அடைபட்டால் கரண்ட் வேறு வழி தேடும். சோக் கேபிளும் ஆக்சிலேட்டர் கம்பியும்தான் மிச்சமிருக்கும் வழிகள். ஆறு அடைபட்டால் தண்ணீர் வாய்க்காலில் பாய்வதைப்போல.

பாய் வண்டிக்கு அடியில் படுத்தார். எர்த் பட்டை இருந்தது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியபோது அதைத் துருவின் மேலேயே வைத்து, பாதி மரை ஏறிய போல்ட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். பட்டையின் இழைகளிலும் பாதி அறுந்து பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுத்தம் செய்து, புதுப் பட்டை போட்டு இறுக்கினார். அப்பா செல்ஃப் அடித்தார். அந்தச் சத்தத்தை நான் மறந்தேபோயிருந்தேன். வேகமான, கணீரென்ற சுழற்சி. மூன்றாவது சுற்றில் வண்டி எடுத்துவிட்டது.

ஹேண்டிலுக்கு எடுத்த வண்டி செல்ஃபுக்கு ஏன் எடுக்கவில்லை என்பதற்கும் அங்கேயே விடை இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்கும் எர்த் அந்த இஞ்சின் பிளாக்தான். செல்ஃப் அந்தக் குறுகிய பாதையில் பெரும் கரண்டை இழுக்கும்போது, காயிலுக்குக் கிடைக்க வேண்டிய 12 வோல்ட் கிடைக்காது. இஞ்சினும் மெதுவாகச் சுற்றும், பிளக்கிலும் பொறி மங்கும். ஹேண்டில் போடும்போது செல்ஃப் கரண்ட் இல்லை. பொறி முழுசாக விழும். பேட்டரியும் செல்ஃபும் எந்தக் குற்றமும் செய்யாமல் தண்டனை அனுபவித்திருந்தன.

ஒரு நோய் தீர்ந்தது. அப்பா வண்டியைக் கொண்டுபோகத் தயாராகிவிட்டார். "பாதிதான் ஆயிருக்குண்ணே" என்றார் பாய்.

அடுத்து அவர் செய்ததுதான் அப்பாவைக் கலங்க வைத்தது. இத்தனை மாதமாக இத்தனை பேர் செய்து வைத்த அட்ஜஸ்ட்மெண்ட் எல்லாவற்றையும் அவர் கலைத்தார். பிளக்குகளைக் கழற்றினார். நாலிலும் விளக்குக் கரிபோல் உலர்ந்த கறுப்பு. சுத்தம் செய்து 25 தௌ இடைவெளி வைத்தார். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைத் திறந்து பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்து 15 தௌவுக்குக் கொண்டுவந்தார். பாயிண்ட் திறக்கும் கணத்தை ஒரு சின்ன பல்பை மாட்டிப் பார்த்து டைமிங் வைத்தார். பிறகு கார்பரேட்டர்.

அந்த எஸ்.யூ. கார்பரேட்டரைப் போல அழகான ஒரு கருவியை நான் அதன் பிறகும் அதிகம் பார்த்ததில்லை. மேலே மணிபோல் ஓர் உறை. அதற்குள் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன். பிஸ்டனின் அடியில், நுனி நோக்கிச் சிறுத்துப்போகும் ஓர் ஊசி. ஊசி ஒரு துளைக்குள், அதாவது ஜெட்டுக்குள், தொங்குகிறது. இஞ்சின் அதிகக் காற்றை இழுத்தால் பிஸ்டன் உயரும். ஊசியும் உயரும். துளையில் இடம் கூடி அதிக பெட்ரோல் வரும். காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைக் காற்றே அளந்துகொள்கிறது. 1900-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இதை உருவாக்கிய ஸ்கின்னர் சகோதரர்கள் செருப்பு வியாபாரக் குடும்பத்தில் வந்தவர்கள். முதலில் செய்தவற்றில் பிஸ்டனுக்குப் பதில் தோலால் ஆன துருத்திதான் இருந்தது என்று பின்னாளில் படித்தேன். கையில் பழகிய பொருளில்தான் மனிதனுக்கு யோசனை பிறக்கிறது.

இதற்குத் தனியாகச் சோக் பட்டாம்பூச்சி கிடையாது. சோக் கம்பியை இழுத்தால் ஜெட்டே கீழே இறங்கும். ஊசியைச் சுற்றி இடைவெளி கூடி பெட்ரோல் அதிகமாக வரும். ஜெட்டின் அடியில் இருக்கும் ஆறு பக்க நட்டைத் திருகி அதை நிரந்தரமாகவும் இறக்கி வைக்கலாம். "ஜெட் இறக்கியது" என்று சிட்டையில் இருந்தது அதைத்தான். பாய் நட்டை முழுதாக மேலே ஏற்றி, ஜெட் மட்டமாக நின்றதும், அங்கிருந்து பன்னிரண்டு பக்கம், அதாவது சரியாக இரண்டு சுற்று, கீழே இறக்கினார். "இதுதான் புத்தகத்துல சொன்ன எடம். இங்கேருந்துதான் ஆரம்பிக்கணும்." பிஸ்டனை விரலால் தூக்கி விட்டார். "டக்" என்று உலோகத்தில் உலோகம் பட்ட சத்தம் கேட்டது. ஊசி எங்கும் உரசாமல் விழுந்தால்தான் அந்தச் சத்தம் வரும். மேலே மூடியைத் திறந்து, வறண்டு கிடந்த குழாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார்.

வண்டியை எடுத்தார். முன்பைவிட மோசமாக ஓடியது. ஏறியது, இறங்கியது, துடித்தது. ஸ்டியரிங்கோடு சேர்ந்த கியர் லீவரின் குமிழ், குளிரில் நடுங்கும் கைபோல ஆடியது. அரை நிமிடத்தில் அணைந்துபோனது.

"என்ன பாய், இருந்ததும் போச்சே!" என்றார் அப்பா. குரல் உடைந்திருந்தது.

பாயின் முகத்தில் நான் பார்த்தது நிம்மதி. "இல்லண்ணே. இப்பத்தான் வண்டி உண்மையச் சொல்லுது. இத்தன நாளா அத பெட்ரோல ஊத்தி மறைச்சு வச்சிருந்தாங்க."

திரும்ப எடுத்து, ஆக்சிலேட்டரை என்னை லேசாக மிதித்திருக்கச் சொன்னார். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்பரேட்டரைச் சுற்றி நகர்த்திக்கொண்டே போனார், டாக்டர் மார்பில் வைத்துக் கேட்பதுபோல. ஓர் இடத்தில் நின்றார். எண்ணெய்க் கேனை எடுத்து, த்ராட்டில் ஷாஃப்ட் உடலுக்குள் நுழையும் இடத்தில் இரண்டு சொட்டு விட்டார்.

இஞ்சின் அமைதியானது.

தேய்ந்த இடைவெளியை எண்ணெய் நிரப்பிய சில நொடிகள். கியர் லீவரின் நடுக்கம் நின்றது. ஒரே சீரான ஓட்டம். பிறகு எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டு, சைலன்சரிலிருந்து நீலப் புகை ஒரு கொத்து வந்தது. மறுபடி துடிப்பு தொடங்கியது. பாய் இன்னும் இரண்டு சொட்டு விட்டார். மறுபடி அமைதி. மறுபடி நீலப் புகை. மூன்று முறை செய்து காட்டினார். ஒரு தடவை நடந்தால் தற்செயலாக இருக்கலாம், மூணு தடவை நடந்தால்தான் நம்பணும் என்றார்.

பன்னிரண்டு வருட ஓட்டத்தில் த்ராட்டில் ஷாஃப்ட்டும் அது சுழலும் துளையும் தேய்ந்திருந்தன. மயிரிழை இடைவெளிதான். வண்டி வேகமாக ஓடும்போது உள்ளே போகும் காற்று வெள்ளத்தில் அந்தத் திருட்டுக் காற்று ஒரு பொருட்டே இல்லை. ஸ்லோவில், இஞ்சின் மிகக் கொஞ்சமாகக் காற்று இழுக்கும்போது, அதே இடைவெளி பெரிய ஓட்டை. கார்பரேட்டர் அளக்காத காற்று உள்ளே போய் கலவை மெலிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டரை விடும்போதும் ஷாஃப்ட் வேறொரு கோணத்தில் உட்காருவதால், ஓட்டையின் அளவும் மாறுகிறது. அதனால்தான் ஸ்லோ ஒரு நாள்போல் ஒரு நாள் இல்லை.

அதன் பிறகு சிட்டையின் வரிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துக்கொண்டன. ஓட்டையால் ஸ்லோ நிற்கவில்லை. ஓட்டையைத் தேடாமல் ஜெட்டை இறக்கி பெட்ரோலைக் கூட்டினார்கள். பெட்ரோல் கூடியதால் பிளக் கறுத்தது. பிளக்கை மாற்றினார்கள். பொறி மங்கியது எர்த்தினால். அதற்குக் காயிலை மாற்றினார்கள். புதுப் பிளக்கும் கறுத்தது. அணையாமல் இருக்க ஸ்லோவை ஏற்றினார்கள். அதனால்தான் சில நாள் சாவியை எடுத்த பிறகும், உள்ளே கனன்ற கரித்துகள்களால் இஞ்சின் தானாகவே நாலு உதறு உதறி நின்றது. மலையேறினால் காற்று அடர்த்தி குறைந்து கலவை இன்னும் கொழுக்கும். டம்டம் பாறையில் ஹேண்டிலுக்கும் எடுக்காமல் பெட்ரோல் வாடை அடித்தது இதனால்தான். வண்டியின் சொந்த நோய் இரண்டே இரண்டு. மிச்சமெல்லாம் வைத்தியத்தால் வந்தவை.

கார்பரேட்டர் உடலை எடுத்துக்கொண்டு பாய் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினார். தெரிந்த லேத்தில் துளையைப் பெரிதாக்கி, பித்தளை புஷ் போட்டு, புது ஷாஃப்ட் ஓட்டி மூன்றாம் நாள் கொண்டுவந்தார். மாட்டிவிட்டு, வண்டியை நன்றாகச் சூடேற விட்டு, கலவையைச் சரிபார்க்கும் விதத்தை எனக்குக் காட்டினார். பிஸ்டனைத் தூக்கும் சிறு பின்னை ஒரு நூல் அளவுக்கு மேலே தள்ள வேண்டும். இஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் கூடுதல். விழுந்து அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்தால் சரி. நட்டை ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் திருகச் சொன்னார். திருகியதும் உடனே அடுத்ததைத் தொடக் கூடாது, வண்டி என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். "ரெண்ட ஒண்ணாத் தொட்டா, எது செஞ்சது எதுன்னு கடவுளுக்கும் தெரியாது பாப்பா."

நட்டைத் திருகியது நான். நாலாவது பக்கத்தில் பின்னைத் தள்ளியபோது வேகம் லேசாக ஏறி, இறங்கி, அமர்ந்தது. அப்பா ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, அசையாமல் நின்ற கியர் குமிழின் மேல் உள்ளங்கையை வைத்தபடி இருந்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

பாய் வாங்கிய கூலி அந்த வருடம் நாங்கள் வாங்கிய பேட்டரியின் விலையில் பாதிகூட இல்லை.

அதன் பிறகு நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தேன். மேலும் படித்து, இருபத்தெட்டு வருடம் பாலிடெக்னிக்கில் அதையே சொல்லிக்கொடுத்தேன். 2000-ஐ ஒட்டி இந்தியக் கார்களில் கார்பரேட்டர் மறைந்தது. கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து பீய்ச்சத் தொடங்கியது. ஸ்லோவை வைக்க இப்போது யாருக்கும் காது தேவையில்லை. ஒரு நாள் வகுப்பில் ஸ்கேனரை மாட்டி எண்களைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பாயின் பட்டறை நினைவுக்கு வந்தது. மேனிஃபோல்டில் எங்காவது திருட்டுக் காற்று புகுந்தால், ஆக்சிஜன் சென்சார் கலவை மெலிந்ததைச் சொல்லும். கம்ப்யூட்டர் உடனே பெட்ரோலைக் கூட்டும். அன்றைக்கு ஜெட்டை இறக்கிய மெக்கானிக் செய்த அதே காரியம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எவ்வளவு கூட்டினேன் என்பதைக் கம்ப்யூட்டர் ஓர் எண்ணாக எழுதி வைத்துக்கொள்கிறது. அந்த எண்ணை வாசிக்கத் தெரிந்தவனுக்கு, மறைக்கப்பட்ட ஓட்டை அங்கே தெரிந்துவிடும். வாசிக்காமல் சென்சாரை மாற்றுகிறவன், சிட்டை பக்கத்தில் இருந்தும் பிளக்கை மாற்றியவனைப் போன்றவன்தான்.

என் மாணவர்களுக்கு நான் முதல் நாளிலேயே சொல்வது இது. பழைய வண்டி உங்களிடம் வரும்போது அதன் பழுது மட்டும் வருவதில்லை. அதற்கு முன்னால் தொட்டவர்களின் கைகளும் சேர்ந்தே வருகின்றன. முதலில் அந்தக் கைகளை ஒவ்வொன்றாக விலக்குங்கள். விலக்கும்போது வண்டி இன்னும் மோசமாக ஓடினால் பயப்படாதீர்கள்.

அப்பா போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. பாய் அவருக்கும் முன்பே போய்விட்டார். உத்தர்பாராவில் அம்பாசிடர் செய்வதையே 2014-இல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வண்டி என்னிடம் இருக்கிறது. சிட்டையும் இருக்கிறது. 1989 ஆகஸ்டு வரை அதில் மூன்று பத்திகள். அந்த மாதத்தின் கடைசிப் பக்கத்தில் அப்பா அடிக்கோலை வைத்து நாலாவதாக ஒரு கோடு இழுத்து, தலைப்பில் "காரணம்" என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு, பெட்ரோலைத் தவிர எந்தச் செலவுக்கும் அந்தப் பத்தி காலியாக இல்லை. காரணம் தெரியாமல் காசை எடுக்கக் கூடாது என்பதை அவர் வாயால் சொன்னதில்லை. கோடு போட்டு வைத்தார். பெட்ரோல் வரிகளைக் கழித்தால், 1988 நவம்பரில் தொடங்கி ஜூலை வரை ஏழெட்டு வரிகள் நிரப்பிய பக்கங்களை அடுத்து, சில வருடங்களுக்கு வருடத்துக்கு மூன்றோ நாலோ வரிகள்தான் இருக்கின்றன.

சென்ற வருடம் வண்டி மறுபடி ஸ்லோவில் நிற்காமல் போனது. கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன், நட்டு எத்தனை பக்கம் இறங்கியிருக்கிறது என்று எண்ணி எழுதினேன். பிறகு சிட்டையைக் கடைசியிலிருந்து வாசித்தேன். ஆறு மாதத்துக்கு முன் வேறு வேலைக்காகக் கழற்றி மாட்டிய பெட்ரோல் குழாய், வெகுகாலம் கடையில் கிடந்த பழைய ரப்பர். 20 சதவீதம் எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோலை அது தாங்கவில்லை. உட்புறம் ஊறி உதிர்ந்து, அந்தத் துணுக்கு மிதவை அறையின் ஊசியை மூடவிடாமல் பிடித்திருந்தது. குழாயை மாற்றினேன், அறையைக் கழுவினேன். நட்டைத் தொடவே இல்லை.

தேதி, வேலை, தொகை எழுதிவிட்டு, நாலாவது பத்தியையும் நிரப்பினேன்.